பூட்டுக்கு யார் கையெழுத்து?



2022ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில், தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் ரயில்வேயின் பேட்டரிகளைத் திருடினான் என்ற சந்தேகத்தில் பிடிபட்டு, செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். டிசம்பர் 31ஆம் தேதி அவன் பிணமானான். அடித்த காயங்கள் உடம்பில் இருந்தன. இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் அடுத்த மாதமே கைதானார்கள். அவன் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. இங்கே நான் சொல்லப்போவதில்லை. இல்லத்துப் பிள்ளையை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. உயிரோடு இருந்தபோது அவனுக்கு உதவாத சட்டம் செத்த பிறகாவது உதவட்டும். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2023 நவம்பரில் அவர் விரிவான அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களை நடத்துவதற்கென்றே தனி இயக்குநரோடு தனித் துறை வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்தது இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை ஆகியிருக்கிறது.

இந்த மரணத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த இல்லத்தில் மதில் இருந்தது, பூட்டு இருந்தது, காவலர் இருந்தார், வருகைப் பதிவேடு இருந்தது. வெளியாள் யாரும் மதிலேறி வந்து அவனைக் கொல்லவில்லை. அவனும் மதிலேறித் தப்பவில்லை. பாதுகாப்பு என்று பொதுப்பணித் துறை மதிப்பீட்டில் என்னவெல்லாம் வருமோ அவ்வளவும் அங்கே சரியாக வேலை செய்தது. ஆகவே, அரசு ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்போது அந்தக் குழந்தையின் பத்திரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியைத் திரும்பவும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. நான் சொல்லவிருப்பது இதுதான்: நம் இல்லங்களில் பூட்டு என்பது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழி. ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். பூட்டுக்கு ஒருமுறை செலவு. இதை மாற்ற வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒரு குழந்தை மேல் கதவைப் பூட்டுவதற்கு ஒருவர் காரணம் எழுதி, காலம் குறித்து, கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் பூட்டத் தேவையில்லாத மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும், மதிலுக்கு வைத்த பணத்தை மனிதர்களுக்கு வைக்க வேண்டும்.

இந்தப் பூட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல்பட்டில் பிரிட்டிஷ் காலத்திலேயே சீர்திருத்தப் பள்ளி இருந்தது. அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பள்ளி என்பது வயது குறைந்தவர்களுக்கான சிறைதான். மணியடித்தால் எழுவது, வரிசையில் நிற்பது, தொழில் பழகுவது. 1919-20இல் இந்தியச் சிறைகள் குழு, குழந்தைகளைச் சிறையிலிருந்து பிரித்து வையுங்கள் என்று சொன்னது. அதைக் கேட்டு இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது நம் மாகாணம்: 1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான் வந்தன. பிறகு 1986இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம், 2000இல் புதுச் சட்டம், கடைசியாக 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் சொற்கள் மென்மையாகிக்கொண்டே வந்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள், இல்லம் எந்த வகையிலும் சிறைபோலவோ லாக்கப்போலவோ தோற்றமளிக்கக் கூடாது என்றே சொல்கின்றன. கட்டடமும் பணியாளர் பழக்கமும் மட்டும் சட்டத்தின் வேகத்துக்கு மாறவில்லை. சட்டத்தை மாற்ற ஒரு கூட்டத்தொடர் போதும். இரவுப் பணிக்கு வரும் ஊழியரின் கையில் இருக்கும் சாவிக்கொத்தை மாற்ற அது போதாது.

2015ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளை இரண்டாகப் பிரிக்கிறது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தைகள் ஒரு பக்கம். அவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வேலூரில் இருப்பதுபோன்ற பாதுகாப்பு இடம். இன்னொரு பக்கம், ஒரு தப்பும் செய்யாதவர்கள்: அப்பா அம்மா இல்லாதவர்கள், இருந்தும் அடிபட்டவர்கள், வேலையிலிருந்து மீட்கப்பட்டவர்கள், ரயிலேறி வந்துவிட்டவர்கள். இவர்களுக்குக் குழந்தைகள் நலக் குழுவும் குழந்தைகள் இல்லமும். காகிதத்தில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டாம் வகைக் குழந்தையின் வாழ்க்கையும் மதிலுக்குள்தான். பள்ளி உள்ளேயே இருந்தால் வெளியே போகவே காரணம் இல்லை. பள்ளி வெளியே இருந்தால் வரிசையாகப் போய் வரிசையாக வர வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளையோடு விளையாடத் தெருவுக்கு வர முடியாது. நம் ஜனங்கள் இரண்டையும் சேர்த்து ‘ஹோம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதில் அவர்கள் பெரிய பிழை செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மதிலுக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரம் தேடினால் கிடைப்பது வேறு. மாமல்லபுரத்தில் அனாதை இல்லங்கள் என்ற பெயரில் நடந்த பாலியல் சுரண்டலைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைக் காட்டி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அதுவே வழக்காகி, பத்தாண்டு கழித்து 2017 மே மாதம் நீதிபதி மதன் லோகூர் அமர்வு தீர்ப்பளித்தது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் நிற்கிறது. பீகாரின் முசாபர்பூரில் 2018இல் வெளிவந்தது இன்னும் கொடுமை. மும்பை டாட்டா சமூக அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இல்லம் இல்லமாகப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியபோதுதான் அது வெளியே தெரிந்தது. டெல்லி நீதிமன்றம் 2020இல் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அதற்கு முன்பும் அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டிருந்த இல்லம்தான் அது. 2020 ஜூனில் சென்னை ராயபுரம் அரசு இல்லத்தில் 57 பிள்ளைகளில் 35 பேருக்குக் கொரோனா தொற்றியது. அவர்கள் யாரும் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வரவில்லை. இந்தக் கேடுகள் வெவ்வேறு வகை என்றாலும் மதில் இவற்றில் எதையும் தடுக்கவில்லை. முதல் இரண்டில் அது குற்றத்தை மறைக்கவே உதவியது.

ஒரு படுக்கைக் கூடத்தை இரவு நேரத்தில் நினைத்துப் பாருங்கள். மாதிரி விதிகளின்படி 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடிக் கூடம். ஆளுக்கு 40 சதுர அடி: ஒரு கட்டில், பக்கத்தில் நின்று சட்டை மாற்ற இடம். அந்தக் கூடத்துக்கு இரவில் ஒரே ஒரு ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து பணியில் இருந்தவரே இரவும் தொடர்கிறார், ஏனென்றால் மாற்றாள் பணியிடம் காலி. பத்து மணிக்கு விளக்கை அணைக்கிறார். ஒன்பது வயதுப் பையனுக்கு இரண்டு மணிக்குக் கழிப்பறை போக வேண்டும். கழிப்பறை கூடத்துக்கு வெளியே. கதவைத் திறந்து வைத்தால், அவனைக் கூட்டிக்கொண்டு போகும் ஐந்து நிமிடம் மற்ற 24 பேரும் பார்வைக்கு வெளியே. இவர் கெட்டவரே இல்லை. ஆனால் யாராவது ஓடிவிட்டால் காலையில் மெமோ இவருக்குத்தான் வரும். ஆகவே பூட்டுகிறார். ஒரு மூலையில் வாளி வைக்கிறார். பெரிய பையன்களில் இரண்டு பேரைப் பிடித்து, “பாத்துக்கங்கடா” என்கிறார். அந்த இரண்டு பேரும் அந்த இரவிலிருந்து கூடத்தின் ராஜாக்கள். சின்னப் பிள்ளைகளை அவர்கள் அடிக்கிறார்கள், சாப்பாட்டைப் பிடுங்குகிறார்கள், அதற்கு மேலும் நடக்கிறது. இவ்வளவும் நடக்க யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படவில்லை. ஒரு காலிப் பணியிடம் போதுமானதாக இருந்தது. சட்டத்தின் 75ஆம் பிரிவு, இல்லத்து ஊழியர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் என்கிறது. தண்டனை வேண்டியதுதான். ஆனால் அது அடித்தவரைத்தான் பிடிக்கும். பணியிடத்தை நிரப்பாமல் கோப்பைச் சுற்றில் விட்டவரைப் பிடிக்காது.

இப்போது நம் பெரியபாளையம் பகுதிக்கு வருவோம். வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். கிழக்கே ஜி.என்.டி. சாலையும் புறநகர் ரயிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும். நம் ஊர் வழியாகவே திருப்பதிச் சாலை. இந்தப் பக்கம் ஊத்துக்கோட்டை வரை, அந்தப் பக்கம் செங்குன்றம் வரை சேம்பர் எனப்படும் செங்கல் சூளைகளும் நெல் அரவை ஆலைகளும். ஆடி ஞாயிறுகளில் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வரும் கூட்டத்தில் கைநழுவும் குழந்தை ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. மைக்கில் பெயரைச் சொன்னால் ஓடிவர ஆள் இருக்கிறது. அரசு இல்லத்துக்குப் போகும் குழந்தை அப்படி இல்லை. மழை முடிந்ததும் ஒடிசாவின் போலாங்கீர், நுவாபாடா பக்கமிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சூளைக்கு வருகிறார்கள். அப்பா கல் அறுக்கிறார், அம்மா மண் பிசைகிறார், ஏழு எட்டு வயதுப் பிள்ளை வெயிலில் உட்கார்ந்து பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுகிறது. கணக்கு கல்லுக்கு இவ்வளவு என்பதால் பிள்ளையின் கையும் கூலியில் சேர்த்திதான். 2015 மார்ச்சில் இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட ஒடிசாக்காரர்கள் மீட்கப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அரவை ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் எத்தனையோ.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழந்தை தனியாகிவிட்டால் என்ன நடக்கிறது? யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். குழு மாவட்டத் தலைநகரில். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு மாதம் 20 நாளாவது கூட வேண்டும். 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை, நான்கு மாதத்தில் இறுதி ஆணை. ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 15 நாளும் நான்கு மாதமும் குழந்தை எங்கே இருக்கிறது? இடம் இருக்கும் இல்லத்தில். அது சென்னையாக இருக்கலாம், மாவட்டத்தின் மறுகோடியாகவும் இருக்கலாம். வழக்கில் சிக்கிய பையன் என்றால் செங்கல்பட்டு வரைகூடப் போகலாம். இங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். சூளையிலோ சிப்காட்டில் ஒப்பந்த வேலையிலோ இருக்கும் தாய் அங்கே போய்ப் பார்த்துவர ஒரு நாள் கூலி போகும். இரண்டு முறை போவாள், மூன்றாம் முறை போக முடியாது. ‘பெற்றோர் வருவதில்லை’ என்று பதிவேட்டில் குறிப்பு ஏறும். அந்தக் குறிப்பே நான்கு மாதம் கழித்து, குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்பதற்குச் சான்றாகிவிடும். ஒடியா மட்டுமே தெரிந்த குழந்தையின் நிலை இன்னும் மோசம். தனக்கு நடந்ததைச் சொல்ல அதற்கு அங்கே காதே இல்லை.

இதே மாவட்டத்தில் வேறொன்றும் நடந்திருக்கிறது. சூளைப் பிள்ளைகளுக்காக ஒடிசாவிலிருந்து ஒடியாப் பாடநூல்களும் ஒடியா தெரிந்த ஆசிரியர்களும் வரவழைக்கப்பட்டு, சூளைப் பக்கத்திலேயே பள்ளி நடத்தப்பட்டது. மாவட்ட நிர்வாகமும் கல்வித் திட்டமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்த காரியம். குறைகள் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் குழந்தையைத் தூரத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, தேவைப்படும் மனிதரைக் குழந்தை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர நம் அரசு இயந்திரத்தால் முடியும் என்பதற்கு அது நிரூபணம். பள்ளிக்குச் செய்ய முடிந்ததைத் தங்குமிடத்துக்கு ஏன் செய்யக் கூடாது? கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று வட்டாரத்துக்கு ஒன்றாக, எட்டு முதல் பத்துப் பிள்ளைகள் மட்டும் தங்கும் சாதாரண வீடு; மூன்று வேளைப் பணிமுறையில் மாறி மாறி விழித்திருக்கும் ஊழியர்கள்; அதில் ஒருவருக்காவது ஒடியா அல்லது இந்தி; பிள்ளை ஏற்கெனவே படிக்கும் பள்ளிக்கே தொடர்ந்து போக வழி. நான் கேட்பது இவ்வளவுதான். இதற்கு வாசலில் சாதாரணத் தாழ்ப்பாள் போதும்.

‘ஓடிவிடுவார்கள்’ என்று உடனே சொல்வார்கள். 2016இல் சென்னை கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட பையன்கள் ஒரே சமயத்தில் தப்பினார்கள். 2023 மார்ச்சில் வேலூர் காகிதப்பட்டறை பாதுகாப்பு இடத்திலிருந்து ஆறு பேர் ஊழியர்களைத் தாக்கிவிட்டுத் தப்பினார்கள். இரண்டும் பூட்டிய இடங்கள். அதிலும் வேலூர் கட்டுக்காவல் அதிகமான இடம். பூட்டு ஓட்டத்தைத் தடுக்கும் என்று வாதாடுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை ஏன் ஓடுகிறது என்பதற்கு இல்லத்துக்குள்ளேயே காரணம் இருக்கும்: அடிப்பவன் இருப்பான், அல்லது வீட்டில் விட்டுவந்த தங்கையின் கதி தெரியாமல் இருக்கும், அல்லது வழக்கு எப்போது முடியும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் விசாரித்துத் தீர்க்க ஒரு ஆள் வேண்டும். திரும்பவும் ஆளில்தான் வந்து நிற்கிறோம்.

ஆனால் இந்த ஆட்சேபத்தில் ஒரு பகுதி உண்மை. பூட்டாமல் காப்பாற்ற முடியாத குழந்தைகள் உண்டு. பாலியல் வணிகக் கும்பலிடமிருந்து மீட்கப்பட்ட 14 வயதுப் பெண்ணை, அதே கும்பலின் ஆள் மாமா என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டால், பயத்திலோ பழக்கத்திலோ அவள் போய்விடக்கூடும். போதைக்கு அடிமையான பையனுக்கு முதல் சில நாள் கதவு மூடியிருக்க வேண்டும். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் பிள்ளைக்கும் அப்படித்தான். இவர்களுக்கு மூடிய இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு நமக்குப் பாடமாகக் கூடியது. அங்கே அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையைப் பூட்டிய இல்லத்தில் வைக்க வேண்டுமானால், அந்தக் குழந்தை ஏற்கெனவே ஓடியிருக்க வேண்டும். மறுபடி ஓடினால் அதற்குப் பெருங்கேடு நேரும் என்று காட்ட வேண்டும். அல்லது வேறெங்கும் வைத்தால் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் என்று காட்ட வேண்டும். அப்படியும் 28 நாளில் 72 மணி நேரத்துக்கு மேல் என்றால் நீதிமன்ற ஆணை கட்டாயம். முதல் ஆணை மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. 13 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் அமைச்சர் மட்டத்து ஒப்புதல் வேண்டும். நம் ஊரில் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையில் எந்த இல்லம் என்று இருக்கும். அங்கே போன பிறகு கதவு பூட்டப்படுமா, எந்தெந்த நேரம், எத்தனை நாள், எதற்காக என்று தனியாக யாரும் தீர்மானிப்பதில்லை. யாரும் தீர்மானிக்காததால் யாரும் பொறுப்பில்லை. கேட்டால், வழக்கமாகப் பூட்டுவதுதான் என்பார்கள்.

இங்கிலாந்தைச் சொர்க்கமாக்கவும் வேண்டியதில்லை. அங்கே இப்படிப்பட்ட மூடிய இல்லங்கள் மொத்தமே பதினைந்துக்குள். இடம் கிடைக்காமல் குழந்தைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்புகிறார்கள். தகுதியற்ற வாடகை அறைகளில் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரத்தைக் கேட்டு அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, வேறு வழியில்லாமல் அனுமதிக்கிறோம் என்ற தொனியில் ஒரு தீர்ப்பில் இந்தப் பற்றாக்குறையைக் கண்டித்தது. ஆகவே கையெழுத்து மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அங்கே பற்றாக்குறை நீதிபதியின் மேசை வரை வந்து சத்தம் போடுகிறது, செய்தியாகிறது, அமைச்சர் பதில் சொல்கிறார். இங்கே அது ஊழியரின் இடுப்புச் சாவிக்கொத்தோடு முடிந்துவிடுகிறது. கையெழுத்து கேட்பதன் பெரிய பலன் இதுதான் என்பேன். 16 வயதுக்கு மேல் கொலை போன்ற குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றி இங்கே நான் அதிகம் பேசவில்லை. அவர்களுக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அந்தச் சிலரை மனத்தில் வைத்து, தாயை இழந்த ஆறு வயதுக் குழந்தையின் வாசலை வடிவமைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அடுத்தது பணம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இல்லத்துக் குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை மாதம் 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு 100 ரூபாயில் மூன்று வேளைச் சோறு, துணி, சோப்பு, எண்ணெய், நோட்டுப் புத்தகம். கட்டடமும் சம்பளமும் இதற்கு வெளியே. அதே திட்டத்தில், குழந்தையைச் சொந்தக்காரர் வீட்டிலோ தாயிடமோ வைத்துப் படிக்கவைக்க நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். முழுச் செலவையும் கூட்டிப் பார்த்தால் வீட்டில் வைத்துக் காப்பதுதான் மலிவு. அப்படியிருந்தும் ஏன் இல்லத்துக்கு வருகிறார்கள்? நிதி ஆதரவு பெற, கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 96,000. அதாவது கிராமத்தில் மாதம் 6,000, மற்ற இடங்களில் 8,000. கணவனை இழந்து சிப்காட் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண் இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். இரவு ஷிப்ட் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல், “ஹோம்ல சேத்துவிடுங்க” என்று அவரே கேட்டு வருகிறார். அவருக்கு மறுத்த 4,000த்தைவிட அதிகமாக அரசு அதே பிள்ளைக்கு இல்லத்தில் செலவழிக்கிறது. மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தின் மாதம் 2,000 ரூபாய் நல்ல சேர்க்கை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாதவர்களுக்கும் அது போகிறது. இப்படி வீட்டிலேயே காக்கப்படும் ஒவ்வொரு குழந்தையும் இல்லத்தில் ஒரு கட்டிலைக் காலியாக்குகிறது. 25 பேர் கூடம் 12 ஆனால், அதே ஊழியர் எண்ணிக்கையில் கண்காணிப்பு இரட்டிப்பாகும்.

அப்படியானால் எல்லோரையும் வீட்டுக்கே அனுப்பிவிடலாமே என்று 2020இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கிளம்பியது. நாட்டின் இல்லங்களில் அப்போது இருந்த சுமார் 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களில். அவர்களைக் குடும்பத்தோடு சேருங்கள், 100 நாளில் முடியுங்கள் என்றது. குடும்பத்தில் வளர்வது குழந்தையின் உரிமை என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ருமேனியாவின் புக்காரெஸ்டில் 136 கைவிடப்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களின் மூளை வளர்ச்சி இல்லத்தில் தங்கியவர்களைவிட மேம்பட்டதைக் காட்டியது. ஆனால் அந்த வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிப் பயிற்சியும் உதவித்தொகையும் கொடுத்து, பிறகு சமூகப் பணியாளர்கள் தொடர்ந்து வீடு தேடிப் போனார்கள். நம் ஆணையம் கொடுத்தது தேதி மட்டும். தேதி வைத்து அனுப்பினால் பிள்ளை எந்தச் சூளையிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பும்.

தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றனவே, அரசு எதற்கு என்ற கேள்வியும் உண்டு. 2018இல் வெளிவந்த மத்திய அரசின் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 9,600 இல்லங்கள், அவற்றில் 91 விழுக்காடு தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. அவற்றில் அன்பாக நடப்பவை நிறையவே உண்டு. 2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டித் தனியார் இல்லத்தில் கெட்ட உணவால் மூன்று பையன்கள் இறந்ததும் உண்டு. நன்கொடையாளர் வாழை இலை போட்டுப் பிறந்தநாள் விருந்து கொடுக்கும் நாளில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். குழந்தையைப் பெற்றவரிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் டிரஸ்டுக்கு மாற்ற முடியாது.

என் யோசனைக்கு எதிரான வலுவான வாதத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். 200 பேர் இருக்கும் ஒரு பெரிய இல்லத்தைக் கண்காணிப்பதைவிட, பத்துப் பேர் வீதம் 20 வீடுகளைக் கண்காணிப்பது கடினம். சின்ன வீட்டுக்குள் ஒரு கெட்ட ஊழியர் இருந்தால் பார்க்க வேறு கண் இல்லை. இது உண்மை. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் சட்டத்தின் 54ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவர். ஒரு வாரத்தில் அறிக்கை. மீதிப் பாதி அக்கம்பக்கம். குழந்தை உள்ளூர்ப் பள்ளிக்குப் போனால் அதன் கையில் இருக்கும் காயத்தை டீச்சர் பார்ப்பார், சத்துணவு அம்மா பார்ப்பார், பக்கத்துப் பெஞ்சுப் பையன் வீட்டில் போய்ச் சொல்வான். செங்கல்பட்டில் நடந்ததைப் பார்க்க அப்படி ஒருவரும் உள்ளே போகும் வழி இல்லாமல் இருந்தது.

இங்கே இருக்கும் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். ஊராட்சி அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும்; அது கடைசியாக எப்போது கூடியது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு போடுங்கள். எந்தக் குழந்தையின் பெயரையும் விவரத்தையும் கேட்க வேண்டாம், கொடுக்கவும் கூடாது. நம் மாவட்டத்து இல்லம் ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, 54ஆம் பிரிவின்படி சென்ற ஆண்டு நடந்த ஆய்வுகளின் தேதிகள் என்ன, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒவ்வொரு கூடத்துக்கும் பணியில் இருப்பவர் எத்தனை பேர், அந்த நேரத்தில் கூடம் பூட்டப்படுகிறதா, பூட்டச் சொல்லி உத்தரவு இருந்தால் அதன் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதை முக்கியமாகப் பாருங்கள்.